குழலின் நீளமும் குறியின் நேர்மையும்

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில், மேகமலைத் தொடரின் அடிவாரத்தில், சண்முகாநதி அணைக்கு அண்மையில் அமைந்தது ராயப்பன்பட்டி என்னும் எங்கள் ஊர். திராட்சைப் பந்தல்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த அமைதியான சிற்றூர் அது. 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளையும் மண் அது என்று சொன்னால் உங்களிற் பலருக்கும் விளங்கும். அத்தகைய ஊரிலிருந்து வந்தவன் துப்பாக்கியைப் பற்றிப் பேசப் புகுவானேன் என்று நீங்கள் வியக்கலாம். அதற்குக் காரணமாயிருந்தவள் என் தங்கையின் பேத்தி.

அவள் கல்லூரி மாணவி. தேசிய மாணவர் படையில் சேர்ந்து, இலக்குச் சுடுவதில் ஈடுபாடு கொண்டவள். நகரத்துக் கழகம் ஒன்றில் அவளுக்கு ஓராண்டுப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அங்கே இரண்டு ரைபிள்கள் இருந்தன. ஒன்றின் குழல் 66 சென்டிமீட்டர் நீளம். மற்றொன்றின் குழல் 50 சென்டிமீட்டர் மட்டுமே. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும்; தேர்ந்தபின் ஆண்டு முழுவதும் அதுவே. அவ்வாண்டு இறுதியில் நடக்கும் போட்டியில்தான் அவள் அணியில் இடம்பெறுவதும் பெறாததும் முடிவாகும். விடுமுறைக்கு ஊர் வந்தவள், பந்தலின் நிழலில் என் அருகே உட்கார்ந்து கேட்டாள்:

“தாத்தா, குழாய் நீளமா இருந்தாத்தானே குறி தப்பாது? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா அது எனக்குத் தூக்கவே கனமா இருக்கு.”

வரலாற்று ஆசிரியனாக வாழ்நாளைக் கழித்த நான் அவளுக்கு உடனே விடை கூறவில்லை. “அப்படிச் சொல்லத் தொடங்கியவர் யார், ஏன் சொன்னார் என்று முதலில் பார்ப்போம், அம்மா” என்றேன். அன்று அவளுக்குச் சொன்னவற்றையே இன்று உங்களுக்கும் சொல்ல விழைகிறேன்.

நீண்ட குழலே நேராகச் சுடும் என்ற நம்பிக்கை மிகப் பழையது. என் பாட்டனாரும் அதையே சொல்லுவார். பாளையக்காரர்கள் காலத்தில் நம் நாட்டில் வழங்கியவை திரித்துப்பாக்கிகள். எரிகின்ற திரியை மருந்தில் தொடச்செய்து வெடிக்கும் அவற்றின் குழல்கள் ஓர் ஆளின் தோள் உயரத்தை எட்டும் அளவுக்கு நீண்டவையாக இருந்ததுண்டு. அந்நாளில் அதற்குத் தக்க காரணமும் இருந்தது. அக்காலக் கரிமருந்து பரும்படியானது, மெல்ல எரிவது. மருந்து எரிந்து முடியும்வரை குண்டு குழலுக்குள் இருந்தால்தான் அதன் வேகம் வீணாகாமல் குண்டைச் சேரும். ஆகவே என் பாட்டனாரின் நம்பிக்கை மூடநம்பிக்கையன்று. அந்த மருந்துக்கு அது பொருந்திய உண்மை. மருந்து மாறிய பின்னும் நம்பிக்கை மட்டும் மாறாமல் நின்றுவிட்டது என்பதே செய்தி.

இந்த நம்பிக்கையைக் கணக்கால் சோதித்தவர்களில் முதன்மையானவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். 1742-இல் அவர் பீரங்கி, துப்பாக்கி ஆகியவற்றின் இயக்கம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கண்ணால் காணவொண்ணாத குண்டின் வேகத்தை அளக்க அவர் கண்ட வழி மிக எளியது. கனமான மரக்கட்டை ஒன்றை ஊசல்போலத் தொங்கவிட்டு, அதன்மேல் சுடுவார். குண்டு பாய்ந்ததும் கட்டை பின்னோக்கி ஆடும். எவ்வளவு தூரம் ஆடியது என்பதைக் கட்டையிற் கட்டிய நாடா காட்டும். குண்டின் எடையும் கட்டையின் எடையும் தெரிந்தால், அந்த ஆட்டத்திலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். இந்த ஆராய்ச்சிக்காக 1746-இல் லண்டன் ராயல் கழகம் அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. புகழ்பெற்ற கணித மேதை ஆய்லர் அந்நூலை 1745-இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து விளக்கமும் எழுதினார்.

ராபின்ஸ் மற்றொன்றையும் விளக்கினார். குழலின் உட்புறத்தில் திருகுபோல் வரி வெட்டினால் குண்டு சுழன்றுகொண்டு வெளியேறும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, சுழலும் குண்டும் தன் நெறி பிறழாமல் செல்லும். இந்தப் புரிக் குழலின் பயனை நன்குணர்ந்து கைக்கொள்ளும் நாடு பிற நாடுகளை விஞ்சும் என்று அவர் 1747-இலேயே எடுத்துரைத்தார். குறியின் நேர்மைக்கு வேர் குழலின் நீளத்தில் இல்லை, புரியில் இருக்கிறது என்பது அன்றே தெளிவாயிற்று.

இந்த ராபின்ஸுக்கும் நமக்கும் என்ன தொடர்பு? கிழக்கிந்தியக் கம்பெனியார் 1749-இல் அவரைத் தம் தலைமைப் பொறியாளராக நியமித்தனர். 1750-இல் அவர் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். கோட்டைகளைச் செப்பனிடும் திட்டங்களில் ஈடுபட்டிருந்தவர் காய்ச்சல் கண்டு 1751 ஜூலை 29-ஆம் நாள் அங்கேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 44. உலகத்துத் துப்பாக்கி விஞ்ஞானத்துக்கு அடிகோலியவரின் வாழ்வு முடிந்த இடம் நம் தமிழ்நாட்டுக் கடற்கரை. கடலூருக்குச் செல்லும் மாணவர்கள் கெடிலம் ஆற்றின் கழிமுகத்தருகே அக்கோட்டையின் எஞ்சிய பகுதிகளைக் காணும்போது இதை நினைவுகூர வேண்டும்.

அவருடைய முறையைப் பின்பற்றி நானும் ஒரு கணக்கிட்டுப் பார்த்தேன். 45 அங்குலக் குழலில் மருந்து இரண்டரை அங்குல இடத்தை அடைத்திருப்பதாகக் கொள்வோம். குழலின் நீளத்தை இரு மடங்காக்கி 90 அங்குலமாகச் செய்தால் குண்டின் வேகமும் இரு மடங்காகுமா? ஆகாது. நூற்றுக்குப் பதினொரு பங்கு அளவே கூடும். மருந்து முழுவதும் கணத்தில் எரிந்துவிடுவதாகவும், குழலின் உராய்வு இல்லாததாகவும் கொண்ட கணக்கு இது. உராய்வையும் சேர்த்தால் அந்தச் சிறு ஆதாயமும் குறைந்துபோகும்.

இனி, நாம் எடுத்துக்கொண்ட சிறு தோட்டாவுக்கு வருவோம். 1845-இல் பாரிஸ் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளர் பிளோபேர் என்பவர், வீட்டுக்குள்ளேயே சுட்டுப் பழகுவதற்கென ஒரு சிறு தோட்டாவை ஆக்கினார். 1857-இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் அதே நெறியில் .22 அங்குலத் தோட்டாவை வெளியிட்டது. இன்று உலகெங்கும் இலக்குச் சுடுவதற்கு வழங்கும் நீள .22 தோட்டா 1887-இல் தோன்றியது. தீப்பற்றும் மருந்து தோட்டாவின் அடிவிளிம்பைச் சுற்றி உள்ளே பூசப்பட்டிருப்பதாலும், அவ்விளிம்பைத் தட்டினாலே அது வெடிப்பதாலும் இதற்கு ரிம்பயர் என்று பெயர். நம் மாணவர் படையினர் ‘பாயிண்ட் டூ டூ’ என்று அழைப்பது இதைத்தான்.

இதன் குண்டு இரண்டரை கிராமுக்குச் சற்றே மிகுந்த எடையுடையது. மருந்தோ ஒரு சிட்டிகைதான். சிறுவர்கள் மூங்கில் ஊதுகுழலில் காயை வைத்து ஊதி விளையாடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குழல் மிகக் குட்டையானால் மூச்சு முழுதும் காயைத் தள்ளுமுன்னே அது வெளியேறிவிடும். குழல் மிக நீண்டால் மூச்சு தீர்ந்தபின்னும் காய் உள்ளே உராய்ந்து தளர்ந்துபோகும். ரிம்பயர் தோட்டாவின் நிலையும் அதுவே. ஏறக்குறைய 16 முதல் 20 அங்குல நீளத்துக்குள், அதாவது 40 முதல் 50 சென்டிமீட்டருக்குள், அதன் மருந்து தன் வேலையை முடித்துவிடுகிறது. அதற்கப்பால் நீளும் குழல் வேகத்தைக் கூட்டுவதில்லை. சிறிது குறைக்கவும் கூடும்.

இலக்குச் சுடுவோருக்கு வேகமும் பெரிதன்று. போட்டித் தோட்டாக்கள் நொடிக்கு 320 முதல் 330 மீட்டர் வேகத்திலேயே அமைக்கப்படுகின்றன. ஒலியின் வேகம் ஏறக்குறைய 340 மீட்டர். ஒலியை முந்திச் சென்ற குண்டு, வேகம் தளர்ந்து மீண்டும் அந்த எல்லையைக் கடக்கும்போது தடுமாறும். ஆதலால் தொடக்கத்திலேயே அதனை ஒலிக்குப் பின்னால் நிறுத்திவிடுகிறார்கள்.

அங்ஙனமாயின் நீண்ட குழலுக்கு ஒரு பயனுமில்லையா? உண்டு. அது குறிபார்க்கும் கண்ணைச் சேர்ந்தது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு மிகுதியோ, அவ்வளவுக்குக் கண்ணின் பிழை சுருங்கும். ஒரு கணக்கைப் பாருங்கள். 50 மீட்டர்ப் போட்டியில் பத்து மதிப்பெண் தரும் நடுவட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். குண்டின் விட்டம் 5.6 மில்லிமீட்டர். குண்டின் விளிம்பு வட்டத்தைத் தொட்டாலே போதும் என்பது விதியாதலால், மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விலகினாலும் பத்து கிடைக்கும். இப்போது கண் ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு பிழைபடுவதாகக் கொள்வோம். இரு குறிகளுக்கும் இடையே 75 சென்டிமீட்டர் இருந்தால், இலக்கில் பிழை 6.7 மில்லிமீட்டர், பத்து கிடைத்துவிடும். இடைவெளி 60 சென்டிமீட்டரானால் பிழை 8.3 மில்லிமீட்டர், பத்து ஒன்பதாகிவிடும். ஒரே கண், ஒரே கை, ஒரே பிழை. ஆயினும் ஒரு மதிப்பெண் போய்விட்டது!

நீண்ட குழலுக்குப் பெருமை நிலைத்ததன் காரணம் இதுவே. ஆனால் அந்தப் பெருமை குழலுக்கு உரியதன்று, அதன் நுனியில் நிற்கும் முன்குறிக்கு உரியது. இதை உணர்ந்தவர்கள் பிற்காலத்தில் ஓர் உபாயம் செய்தார்கள். குழலைக் குட்டையாக்கி, அதன் முனையில் இலேசான வெற்றுக் குழாய் ஒன்றைப் பொருத்தி, முன்குறியை அதன் நுனியில் வைத்தார்கள். குண்டு குட்டைக் குழலை விட்டு வெளியேறி, வெற்றுக் குழாயில் எதையும் தொடாமல் செல்லும். கண்ணுக்கு நீளம் கிடைத்தது. குண்டுக்குக் குறுக்கம் கிடைத்தது.

குறுக்கத்தால் வரும் நன்மை யாது? ஒரே பருமனுள்ள இரு இரும்புத் தண்டுகளில் 50 சென்டிமீட்டர்த் தண்டு, 66 சென்டிமீட்டர்த் தண்டைவிட இரு மடங்குக்கு மேல் விறைப்பானது. வெடியதிர்ச்சியில் குறைவாகவே துடிக்கும். எடையும் குறையும். குண்டு உள்ளே தங்கும் நேரமும் சிறிது குறையும். ‘சிறிது’ என்றேன், எவ்வளவு சிறிது தெரியுமா? 16 சென்டிமீட்டர் குறைத்தால் ஆயிரத்தில் அரைப் பங்கு நொடி. அதனால் என்ன வந்துவிடப்போகிறது என்று எண்ணாதீர்கள். அந்த எண்ணத்தால் இழந்தவன் நான்.

1962-இல் நடந்த சீனப் போருக்குப் பின், 1963-இல் கல்லூரி மாணவர்களுக்குத் தேசிய மாணவர் படைப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. 1968-இல்தான் அது மீண்டும் விருப்பப் பயிற்சியாயிற்று. நான் படித்தது அந்த இடைக்காலத்தில். எங்களுக்குத் தந்தவை லீ-என்பீல்டு வடிவில் அமைந்த .22 பயிற்சித் துப்பாக்கிகள். குழல் 25 அங்குலம். அந்த 25 அங்குலத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. முன்பு ஆங்கிலேயக் காலாட்படையினர்க்கு 30 அங்குலக் குழலும், குதிரைப்படையினர்க்கு 21 அங்குல அளவுக் குழலும் தனித்தனியே இருந்தன. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் பின், இருவருக்கும் பொதுவாக 25 அங்குலக் குழலையே வைத்தார்கள். குழலைக் குறைத்தால் குறி கெடும் என்று அன்று எதிர்த்தவர் பலர். ஆயினும் அத்துப்பாக்கி இரு உலகப்போர்களிலும் நின்று நிலைத்தது. வங்காளத்து இச்சாப்பூர் தொழிற்சாலையில் நம் நாட்டிலும் செய்யப்பட்டது.

சுடுதளத்தில் படுத்துச் சுட்டபோது என் குண்டுகள் ஒன்றும் ஒன்றோடொன்று சேரவில்லை. மேலும் கீழுமாகச் சிதறின. துப்பாக்கியில்தான் கோளாறு, குழல் போதாது என்று நான் முறையிட்டேன். எங்கள் ஹவில்தார் அதே துப்பாக்கியை வாங்கி ஐந்து முறை சுட்டார். ஐந்து துளைகளையும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம்! பிறகு என்னிடம் அமைதியாகச் சொன்னார்: “தம்பி, விசையை இழுத்ததும் தலையைத் தூக்கிப் பார்க்கிறே. குண்டு குழாயை விட்டுப் போகிறவரைக்கும் துப்பாக்கி உன் கையிலேதான் இருக்கு.”

விசை இழுபட்டது முதல் குண்டு வெளியேறுவது வரை உள்ள நேரம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பகுதியே. குண்டு குழலுக்குள் ஓடுவது மட்டும் ஆயிரத்தில் இரண்டு அல்லது மூன்று பங்கு நொடி. அந்த நேரத்திலும் தோள் தளர்ந்தால் குறி போயிற்று. நான் திருந்துவதற்குள் முகாம் முடிந்துவிட்டது; அணியில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. கருவியைக் குறைகூறி நான் செலவிட்ட நாட்களை என் கையைத் திருத்தச் செலவிட்டிருந்தால் ஒருகால் கிடைத்திருக்கும். பேத்தியின் கேள்வி என் நெஞ்சில் தைத்ததற்கு இதுவே காரணம்.

மாணவர் கையில் இந்தச் சிறு துப்பாக்கி வந்த வரலாற்றையும் மறந்துவிடலாகாது. தென்பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பரில் ஆங்கிலேய ஆட்சியினர் பிரகடனம் ஒன்றை விடுத்து, தென்னாட்டு மக்களின் ஆயுதங்களைப் பறித்தனர். 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அந்தத் தடையை நாடெங்கும் இறுக்கியது. விடுதலைக்குப் பின் 1948-இல் தேசிய மாணவர் படை சட்டப்படி அமைந்தது. மறு ஆண்டே பெண்கள் பிரிவும் தொடங்கியது. 1951-இல் மக்களவையின் முதல் தலைவர் மாவ்லங்கர் முயற்சியால் தேசிய ரைபிள் சங்கம் தோன்றியது. மக்கள் கையிலிருந்து பறிக்கப்பட்டது, பகைக்கருவியாக அன்று, ஒழுக்கத்தைப் பழக்கும் விளையாட்டுக் கருவியாகத் திரும்பி வந்தது. அந்த வழியில் வந்தவர்களே 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்திராவும், சென்னையிற் பிறந்து 2012-இல் லண்டனில் வெண்கலம் வென்ற ககன் நாரங்கும். அவ்விருவரும் வென்றது காற்றுத் துப்பாக்கியில். நாம் பேசும் அதே .22 ரைபிளில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் தேடித்தந்தவர் மகாராஷ்டிரத்து ஸ்வப்னில் குசாலே; 2024 ஆகஸ்ட் முதல் நாள் அவர் வெண்கலம் வென்றார். முழங்காலிட்டும், படுத்தும், நின்றும் சுடவேண்டிய போட்டி அது. ஒரு நிலைக்குப் பொருந்திய சமநிலை மற்றொன்றுக்குப் பொருந்தாது என்பதை அப்போட்டியைப் பார்த்தவர் அறிவர்.

இவ்வளவும் கேட்ட பேத்தி, “அப்போ எதைத்தான் எடுக்கிறது, தாத்தா?” என்றாள்.

“குட்டைக் குழலையே எடு, அம்மா” என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ராபின்ஸ் என் நினைவுக்கு வந்தார். நம்பியதை நம்பியபடியே சொல்லாமல், கட்டையைத் தொங்கவிட்டுச் சுட்டுப் பார்த்தவரல்லவா அவர்! ஆகவே, “இரண்டிலும் சுட்டுப் பார். ஒவ்வொரு நிலையிலும் பத்துப் பத்துக் குண்டு. ஒரே வகைத் தோட்டா, ஒரே வேளை. அட்டைகளைக் கொண்டுவா, அளப்போம்” என்றேன்.

இரு வாரங்களில் அட்டைகளோடு வந்தாள். அளவுகோலை வைத்து இருவருமாக அளந்தோம். படுத்துச் சுட்டவற்றில் இரண்டு ரைபிளுக்கும் வேறுபாடே இல்லை. முழங்காலிட்டுச் சுட்டதில் நீண்ட குழலே ஒரு மயிரிழை மேலாக இருந்தது. நான் எதிர்பாராதது அது. முனைக்கனம் துப்பாக்கியை அசையாமல் நிறுத்தியிருக்க வேண்டும். நின்று சுட்டதிலோ நிலைமை வேறு. நீண்ட குழலில் ஐந்தாவது குண்டுக்கு மேல் துளைகள் வரிசையாகக் கீழிறங்கியிருந்தன. கை சோர்ந்ததை அட்டை எழுதிக் காட்டிவிட்டது. குட்டைக் குழலில் பத்துத் துளைகளும் ஓரிடத்தைச் சுற்றியே நின்றன.

அவள் முனையில் வெற்றுக் குழாய் பூட்டிய 50 சென்டிமீட்டர் ரைபிளைத் தேர்ந்துகொண்டாள். அவளோடு பயிலும் நெடிய தோளுடைய தோழி ஒருத்தி நீண்டதையே விரும்பி எடுத்தாளாம், அதுவும் தக்கதே. நாகஸ்வரத்தில் திமிரியும் உண்டு, பாரியும் உண்டு. இரண்டில் எது சிறந்தது என்று கேட்பவர் இசையை அறியாதவர். யார் வாசிப்பதற்கு, எந்தச் சுருதிக்கு என்று கேட்பவரே அறிந்தவர்.

மாணவ நண்பர்களே, முன்னோர் சொன்னதை இகழ வேண்டியதில்லை. அவர்கள் சொன்னதற்கு அவர்கள் காலத்தில் ஒரு காரணம் இருந்திருக்கும். ஆனால் அந்தக் காரணம் இன்றும் நிற்கிறதா என்று அளந்து பார்ப்பது நம் கடமை. தேவனாம்பட்டினத்தில் உயிர்நீத்த கணித அறிஞரும் சுடுதளத்து ஹவில்தாரும் எனக்குக் கற்பித்தவை இரண்டே. கருவியை அளந்து தேர்ந்தெடு. தேர்ந்தெடுத்த பின் அதனைக் குறைகூறாதே. பேத்தியின் போட்டி இவ்வாண்டு இறுதியில் வருகிறது. முடிவு எப்படியாயினும், தலையைத் தூக்காமல் அவள் சுடுவாள் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.